மூன்று வருட உழைப்பும் ஒரு ஷேக்கிள் பின்னும்

என் மேஜையில் ஒரு ஷேக்கிள் கிடக்கிறது, சங்கிலியைக் கோக்கும் ‘U’ வடிவ இரும்பு வளையம். கடையில் வாங்கியபோது அதன் வாயை மூடும் ‘பின்’ என்ற குறுக்குக் கம்பி 22 மில்லிமீட்டர் கனம். இப்போது வெர்னியர் வைத்து அளந்தால் நடுவில் 13தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, கடித்த கரும்புத் துண்டு மாதிரி உள்வாங்கியிருக்கிறது. இது கடலில் இருந்தது நூறே நாள். இதற்கு மேலே இருந்த ஷேக்கிள்தான் அறுந்தது, அது கடலடியில் எங்கேயோ புதைந்துவிட்டது. அது அறுந்த ராத்திரியில் எங்கள் மூன்று வருட உழைப்பு பாறையில் போய் மோதி உடைந்தது.

அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஒரு சிறிய மிதவையைச் செய்து, குமரி மாவட்டத்தின் மேற்குக் கடலில் விட்டுச் சோதித்த குழுவில் நானும் ஒருவன். இந்தத் துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் என்னிடம் டர்பைனைப் பற்றியும் ஜெனரேட்டரைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். நான் முதலில் இந்த ஷேக்கிளைக் கையில் கொடுத்துவிடுவேன்.

எனக்கு இந்த ஆசை பிடித்தது கேரளத்தின் விழிஞ்ஞத்தில். அப்போது பத்து வயது இருக்கும். அப்பா எஞ்சின் பாகம் வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போயிருந்தார். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு வெளியே, கடலுக்குள் ஒரு பெரிய காங்கிரீட் பெட்டகம் நின்றது. ஒவ்வொரு அலைக்கும் அது மூச்சு வாங்குவது போல ஒரு சத்தம். ‘அலையில கரண்டு எடுக்கானுவ’ என்றார் அப்பா. வீடு வந்து சேரும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

சென்னை ஐஐடி முன்னின்று அமைத்த அந்த நிலையம் 1991இல் இயங்கத் தொடங்கியது. 150 கிலோவாட் திறன். வேலை செய்யும் முறை எளிது. அடிப்பக்கம் திறந்த பெட்டகத்துக்குள் அலை ஏறும்போது உள்ளேயிருக்கும் காற்று மேலே நெருக்கப்பட்டு டர்பைன் வழியாக வெளியேறும். அலை இறங்கும்போது அதே வழியில் காற்று உள்ளே இழுக்கப்படும். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் ஒரே திசையில் சுற்றும் ‘வெல்ஸ்’ டர்பைனை அதில் வைத்திருந்தார்கள். பிறகு 1993இல் சென்னையில் தொடங்கிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே வேலையைத் தொடர்ந்தது. வேறு வகை டர்பைனையும் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் அலை மின்சாரத்தைக் கொண்டே கடல்நீரைக் குடிநீராக்கினார்கள், நாளுக்கு 10,000 லிட்டர் திறனில். அந்த நிலையம் இன்று இயங்கவில்லை. உலகில் பல நாடுகள் காகிதத்தில் படம் வரைந்துகொண்டிருந்த காலத்தில் அதை நம் பக்கத்துக் கடலில் செய்து காட்டியவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சமல்ல.

கணக்குக்கு வருவோம், ஏனென்றால் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் கடலுக்குப் போகக் கூடாது. ஆழ்கடலில் ஒரு மீட்டர் அகலத்துக்கு வரும் அலைச் சக்தியை மனக்கணக்காகவே போடலாம். அலை உயரத்தின் வர்க்கம், அதை அலைக்கும் அலைக்கும் நடுவே உள்ள நொடிகளால் பெருக்கு, பாதியாக்கு. விடை கிலோவாட்டில் வரும். இங்கே உயரம் என்பது அந்த நேரத்தில் வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஒரு மீட்டர் அலை, 8 நொடி என்றால் 4 கிலோவாட். இரண்டு மீட்டர், 10 நொடி என்றால் 20. புயலில் ஐந்து மீட்டர், 12 நொடி என்றால் 150.

அந்த மூன்று எண்களில்தான் இந்தத் துறையின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நீங்கள் மின்சாரம் எடுக்கப் போவது 4 கிலோவாட் கடலில். ஆனால் கருவி உயிரோடு இருக்க வேண்டியது 150 கிலோவாட் கடலில். இரும்புக்கும் நங்கூரத்துக்கும் செலவழிப்பது அந்த ஒரு நாளுக்காக, வருமானமோ மற்ற 364 நாட்களிலிருந்து. ஸ்காட்லாந்துக்கும் போர்ச்சுகலுக்கும் பெரிய அலைகள் வருகின்றன. நம் கரையில் ஆண்டுச் சராசரி பெரும்பாலும் 10 கிலோவாட்டுக்குள்தான். நாட்டின் தென்முனைக் கடல் இதில் கொஞ்சம் மேல், அதனால்தான் நாங்கள் அங்கே போனோம்.

‘ஏன் அலை? ஓதத்தில், அதாவது கடல் ஏறி வற்றுவதில் எடுக்கலாமே, அது பஞ்சாங்கம் மாதிரி நேரத்துக்கு வருமே’ என்று அடிக்கடி கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓத மின்சாரம் நிரூபிக்கப்பட்ட விஷயம். பிரான்சின் ரான்ஸ் நிலையம் 1966 முதல் 240 மெகாவாட் திறனோடு ஓடுகிறது. தென் கொரியாவின் சிஹ்வா 254 மெகாவாட், 2011இல் வந்தது. ஆனால் இப்படி அணை கட்டி எடுக்க ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே பல மீட்டர் வித்தியாசம் வேண்டும். குஜராத்தின் காம்பத் வளைகுடாவில் 11 மீட்டர் வரை இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரையில் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அணை கட்டாமல் நீரோட்டத்தில் டர்பைன் வைக்கும் வழியும் உண்டு, ஸ்காட்லாந்தின் வடக்கே பென்ட்லாந்து நீரிணையில் அப்படி ஓடுகிறது. ஆனால் நீரோட்டத்தின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை (கனத்தை) பொறுத்தது. நீரின் வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். எந்தக் கரையில் நிற்கிறோமோ அந்தக் கரைக்குத் தகுந்ததைச் செய்ய வேண்டும். நம் கரைக்கு அலைதான்.

எங்கள் முதல் தவறு கடலில் நடக்கவில்லை, சோதனைக் கூடத்தின் அலைத் தொட்டியில் நடந்தது. 20இல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து தொட்டியில் விட்டோம். அளவை இருபது மடங்கு கூட்டினால் மின்திறன் இருபது மடங்கு கூடாது, ஏறக்குறைய 36,000 மடங்கு கூடும். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் தொட்டியில் ஒரு வாட் தப்பாக அளந்தால் நிஜ அளவில் 36 கிலோவாட் தப்பு என்பதும் அதே கணக்குதான். எங்கள் மாதிரியின் பேரிங் உராய்வு மட்டுமே அலை கொடுத்த சக்தியில் நல்ல பங்கைத் தின்றுகொண்டிருந்தது. அதைக் கழித்துக் கணக்குப் போட்டோம், கழித்த விதத்தில் கொஞ்சம் ஆசையும் கலந்துவிட்டது. ஆகவே தொட்டி தரும் எண்ணை யாரிடமும் சொல்வதற்கு முன், மாதிரியைத் தண்ணீரில்லாமல் கையால் ஆட்டி உராய்வைத் தனியே அளந்துவிடுங்கள். ஒரு மத்தியான வேலைதான். நாங்கள் அதை எட்டு மாதம் கழித்துச் செய்தோம்.

அப்புறம், தொட்டியில் அலை ஒரே திசையில் வரும். கடலில் அப்படி இல்லை. அதை எனக்குச் சொன்னது எந்தக் கருவியும் இல்லை, என் தாய்மாமன். ஐம்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். மிதவையை வைக்க நாங்கள் குறித்திருந்த இடத்தைப் பார்க்க அவருடைய பைபர் வள்ளத்தில்தான் போனோம். கரையிலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர், ஆழம் 18 மீட்டர். எஞ்சினை நிறுத்திவிட்டு மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: “கச்சான் அடிக்கும்போது இந்த எடத்துல மேல அலை ஒரு பக்கம் தள்ளும், அடியில நீவாடு வேற பக்கம் இழுக்கும். உங்க பெட்டி சுத்திக்கிட்டே கெடக்கும் மக்களே. கயிறு முறுக்கிக்கும், பாத்துக்கோ.”

கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று, நீவாடு என்றால் நீரோட்டம். நான் குறித்துக்கொண்டேன். முறுக்கு விழாமல் சுழலும் ஸ்விவல் ஒன்றை வாங்கிச் சேர்த்தோம். சரி, அதுவரை நல்ல மாணவன். அவர் கேட்ட அடுத்த கேள்வியைத்தான் விட்டுவிட்டேன்.

“இத போட்டுட்டுப் போறிய. திரும்ப எப்படி எடுப்பிய?”

விசைப்படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அதன் வின்ச்சில் கட்டித் தூக்குவோம் என்றேன். மாமா தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. இன்று யோசித்தால், எங்கள் வடிவமைப்பு ஆவணம் நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. அதில் மிதவையை இறக்குவதற்குப் பதினோரு பக்கம். எடுப்பதற்கு ஒரே ஒரு பத்தி.

பிப்ரவரியில் இறக்கினோம். கடல் குளம் மாதிரி கிடந்த காலை. முதல் முறை கரையில் இருந்த கணினித் திரையில் மின்னழுத்தக் கோடு அலையோடு ஏறி இறங்கியதைப் பார்த்தபோது, எங்களோடு இருந்த வெல்டர் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சின்ன மிதவை. நல்ல நாளில் நூறு வாட்டைத் தொடும், பல நாள் அதில் பாதிகூட வராது. ஆனாலும் அது கடல் கொடுத்த மின்சாரம்.

ஐந்தாவது வாரம் பார்க்கப் போனபோது அடிப்பக்கம் முழுவதும் பாசி. பத்தாவது வாரம் கொட்டலசு என்ற ஓடுள்ள சின்ன உயிர்கள் அப்பியிருந்தன. கையை வைத்தால் கிழிக்கும். உளியை வைத்துச் சுரண்டிச் சேர்த்ததை நிறுத்துப் பார்த்தோம், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் 31 கிலோ. மிதவையின் எடை கூடினால் அது ஆடும் தாளம் மாறிவிடும். எந்த அலைக்கு ஒத்துப்போகும்படி அதைச் செய்தோமோ, அந்த அலையை அது தவறவிடத் தொடங்கும். உற்பத்தி குறைந்ததற்கு நாங்கள் ஜெனரேட்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம். முதல் நாளிலிருந்தே இந்தக் கூடுதல் எடையைக் கணக்கில் சேருங்கள். சுரண்டுவதற்கு யார் போவது, எந்த வள்ளம், என்ன கூலி என்பதையும் செலவுப் பட்டியலில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தப் பணம் உங்கள் சட்டைப் பையிலிருந்துதான் போகும்.

மே மாதம். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டது. உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் கோடியில் அடித்த புயலின் அலை சில நாட்கள் பயணம் செய்து திருடன் மாதிரி கரைக்கு வந்து சேரும். அதனால்தான் அந்தப் பெயர். இந்த அலைகளின் ஆபத்து உயரத்தைவிட நீளத்தில்தான். எங்கள் மிதவை 8 நொடி அலைக்குச் செய்தது. வரப் போவதோ அதைப் போல இரு மடங்கு நீண்டது.

எச்சரிக்கை எங்களுக்குக் கிடைத்தபோது கையில் ஒன்றரை நாள் இருந்தது. மிதவையை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் முடிவு செய்தோம். வின்ச் உள்ள விசைப்படகு வேண்டும். வாடகைக்கு ஒப்புதல் வேண்டும், ஒப்புதலுக்கு மூன்று விலைப்புள்ளி வேண்டும், கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இல்லை. அதெல்லாம் சரியாகியிருந்தாலும் எந்தப் படகுக்காரர் அந்த எச்சரிக்கைக்கு நடுவில் வருவார்? வள்ளத்தில் கட்டி இழுத்து வரலாம் என்றால், இழுக்கக் கயிறு கட்டுவதற்கு மிதவையில் ஒரு வளையம்கூட நாங்கள் வைக்கவில்லை. மாமா அன்று கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ராத்திரி இரண்டே காலுக்கு மிதவையின் இருப்பிடக் கருவியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. இடம் மாறிக்கொண்டிருந்தது. விடியும்வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தோம், அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. காலையில் ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு தூண்டில் வளைவின் (கரை அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல்சுவர்) பாறைகளுக்கு நடுவில் அது கிடந்தது. ஓடு பிளந்திருந்தது, தரவுப் பெட்டிக்குள் தண்ணீர். எஸ்டி கார்டைக் காயவைத்து எத்தனையோ முயன்றும் ஒன்றும் வரவில்லை. நூறு நாள் அலைக்கு அலை பதிவான தரவில் எங்களிடம் மிஞ்சியது, சிம் கார்டு வழியாக வந்து சேர்ந்த அரை மணிநேரச் சராசரிகள் மட்டும். மிதவை போனதைவிட எனக்கு அதுதான் இன்றும் வலிக்கிறது. இரும்பை மறுபடி வெல்டு செய்யலாம். அந்த நூறு நாள் கடல் மறுபடி வராது.

இரண்டு வாரம் கழித்து முக்குளிப்பவர் ஒருவர் நங்கூரச் சங்கிலியின் மிச்சத்தை எடுத்துக்கொடுத்தார். மேஜையில் இருக்கும் ஷேக்கிள் அதில் வந்ததுதான். என்ன நடந்திருக்கிறது என்பதை அது அப்படியே சொல்கிறது. 8 நொடிக்கு ஒரு அலை என்றால் ஒரு நாளைக்கு 10,800 அலை. நூறு நாளில் பத்து லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு அலைக்கும் அந்தப் பின் ஒரு நூலளவு உரசும். மணல் கலந்த நீர் அதில் அரம் போல வேலை செய்யும். இது போதாதென்று, மிதவையின் அடித்தகட்டை நாங்கள் துருப்பிடிக்காத எஃகில் செய்திருந்தோம். அதோடு துத்தநாகம் பூசிய சாதாரண இரும்பு ஷேக்கிளைக் கோத்திருந்தோம். உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி. எளிதில் அரிபடும் உலோகம், இங்கே ஷேக்கிள், கரைந்துகொண்டே போகும். அறுந்தது அந்தச் சந்திப்பில்தான். பொறியியல் முதல் வருடப் பாடம். விலை உயர்ந்த எஃகு வாங்கிய பெருமையில் யாருக்கும் தோன்றவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. நார்வேயின் டோஃப்டஸ்டாலனில் 1985இல் கட்டிய அலை மின்நிலையத்தை 1988இல் ஒரு புயல் பெயர்த்துக்கொண்டு போனது. 2008இல் போர்ச்சுகல் கரையில் இறங்கிய ‘பெலாமிஸ்’ அலை மின்கருவி, மூன்று இயந்திரம் சேர்த்து 2.25 மெகாவாட், சில மாதங்களிலேயே பேரிங் கோளாறால் துறைமுகத்துக்கு இழுத்துவரப்பட்டது. பணத் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள மறுபடி அது கடலுக்குத் திரும்பவில்லை. ஆனால் ஸ்பெயினில் ‘முத்ரிக்கு’ என்ற ஊரின் துறைமுகத்தில் 2011இல் அலைதடுப்புச் சுவரோடு சேர்த்தே காற்றறைகளைக் கட்டி 16 டர்பைன் வைத்தார்கள். மொத்தம் 296 கிலோவாட்தான். சுவர் எப்படியும் கட்ட வேண்டியது, அதனால் கட்டுமானச் செலவு பகிர்ந்துபோனது. பழுது பார்க்க நடந்தே போகலாம். நம் குமரிக் கரை நெடுகக் கல்லைக் கொட்டிச் சுவரும் தூண்டில் வளைவும் கட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். அடுத்து ஒரு மீன்பிடித் துறைமுகம் திட்டமிடும்போதாவது அதன் அலைதடுப்புச் சுவரில் இரண்டு அறைகளை இப்படி விட்டுவைக்க முடியாதா என்று பார்க்க வேண்டும். கட்டிய பிறகு இதைச் சேர்க்க முடியாது.

மிதவை வழியில் போகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. 2022 நவம்பரில் சென்னை ஐஐடி தூத்துக்குடிக் கடலில், கரையிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் ‘சிந்துஜா-1’ என்ற கருவியைச் சோதித்து 100 வாட் எடுத்தது. நூறு வாட்தானா என்று சிலர் கேட்டார்கள். அது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். ஜப்பானில் யோஷியோ மசூடா அலையில் எரியும் விளக்கு மிதவைகளைச் செய்தபோதும் சில பத்து வாட்தான். அவை கடலில் கப்பல்களுக்கு வழி காட்டின. ஊருக்கே மின்சாரம் தருவதற்கு முன், டீசலும் சூரியத் தகடும் சரிப்படாத கடல் நடுவில் ஒரு விளக்கு, ஓர் அளவீட்டுக் கருவி, ஒரு குடிநீர்க் குழாய் என்று தொடங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எங்களுக்கு இரண்டாவது மிதவை கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. ஆராய்ச்சிப் பணம் மூன்று வருடத் திட்டமாக வருகிறது. அதில் முதல் வருடம் கொள்முதலிலேயே போய்விடும். மிச்சத்தில் பருவக் காற்றை இரண்டு முறைதான் பார்க்க முடியும். சக்தி அதிகம் இருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை, கடலுக்குப் போகவே முடியாததும் அதே மாதங்களில். ஜூன், ஜூலையில் மேற்குக் கரைக்கு மீன்பிடித் தடைக்காலம் வேறு, விசைப்படகு கடலுக்கு வராது. திட்டம் எழுதுகிறவர்கள் தொடங்கும் மாதத்தைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்க வேண்டும். அக்டோபரில் கருவி தயாராக இருக்கும்படி பின்னோக்கி எண்ணுங்கள். நான்கு மாதம் தவறினால் ஒரு வருடம் தவறியது போலத்தான்.

இந்த முறை ஆவணத்தின் முதல் அத்தியாயமே மிதவையைத் திரும்ப எடுப்பது பற்றித்தான். இரண்டு பைபர் வள்ளம் இழுக்கும் எடைக்குள் செய்தோம். நான்கு மூலையிலும் இழுவளையம். நங்கூரத்தை அப்படியே விட்டுவிட்டு, மிதவையை மட்டும் தண்ணீருக்கு மேலிருந்தே பத்து நிமிடத்தில் கழற்றலாம். கரையில் ஆறு முறை ஒத்திகை பார்த்தோம், அதில் இரண்டு முறை ராத்திரியில். தரவு மூன்று இடத்தில் பதிவாகிறது. அலைக்கு அலை பதிவான முழுத் தரவும் வாரம் ஒரு முறை கரைக்கு வந்துவிடுகிறது. சங்கிலியின் மேல் பாதியை எடுத்துவிட்டுத் தடித்த கயிறு போட்டோம். அது மாமா சொன்னது. “இரும்போட இரும்பு ஒரசுனா ரெண்டும் போவும். நாங்க வலைக்குக் கயிறுதானே கட்டுதோம்?” கயிற்றின் கண்ணிக்குள் போடும் இரும்பு வளையத்தை மட்டும் ஒழுங்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கயிறு அங்கேயே அறுந்துவிடும்.

இன்னொன்றும் செய்தோம். இடத்தை முடிவு செய்வதற்கு முன் மூன்று ஊர்க்காரர்களை ஒரு சனிக்கிழமை கூப்பிட்டு உட்காரவைத்து, வரைபடத்தை விரித்து, யார் எந்த மாதம் எங்கே வலை விடுவார்கள் என்று கேட்டுக் குறித்தோம். முதல் மிதவையின் சங்கிலியில் இரண்டு பேருடைய வலை மாட்டிக் கிழிந்திருந்தது. அதற்கு ஈடு கொடுக்கத் திட்டத்தில் வழியே இல்லாமல், நாங்கள் எங்களுக்குள் பணம் சேர்த்துக் கொடுத்தோம். இந்த முறை வலைக்கான ஈட்டுத் தொகை செலவுப் பட்டியலில் தனி வரியாக இருக்கிறது. மிதவைக்குக் குறித்த இடத்தை நானூறு மீட்டர் தெற்கே தள்ளினோம். அந்த இடத்தில் அலை கொஞ்சம் குறைவு. பரவாயில்லை.

அக்டோபர் இறுதியில் இறக்கினோம். 45 நாளுக்கு ஒரு முறை முக்குளித்து, பின்களைக் கழற்றி அளந்து, தேதி எழுதி ஒரு டப்பாவில் போடுகிறேன். போன வாரம் எடுத்தது 22க்கு 20.6. கச்சான் தொடங்குவதற்குள் இன்னும் ஒரு முறை இறங்க வேண்டும். 20க்கு மேல் இருந்தால் இந்த வருடம் மிதவையை எடுக்காமல் பருவக் காற்றுக்குள் விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மாமா தன் வள்ளத்தின் எஞ்சினைப் பிரித்துச் சரிபார்த்துவிட்டார். இழுகயிறு இரண்டு சுருள், என் வீட்டுத் திண்ணையில் தயாராக இருக்கிறது.